நம் பிள்ளைகள் சூழலியல் படிக்கலாமா?

(நமது சங்கம் நடத்திய கல்வி வழிகாட்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் வெளியிடுகிறோம்.)

 

எனக்கு முன்னே பேசிய தோழர்கள் பொறியியலைப் பற்றிச் சொன்னார்கள். பி.காம். படிப்பைப் பற்றிச் சொன்னார்கள். கணினிப் படிப்புக்கு எந்தக் கல்லூரியிலே எவ்வளவு கட்டணம் என்று கணக்கோடு சொன்னார்கள். அவற்றையே நானும் திரும்பச் சொல்லி உங்கள் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுக்க விரும்பவில்லை. வாரத்திலே ஆறு நாள் உழைத்துவிட்டு ஏழாவது நாள் இங்கே வந்து தரையிலே உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே, ஒரே ஒரு படிப்பைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

கூட்டம் தொடங்குமுன் கேள்விச் சீட்டுகள் வந்தன. அவற்றிலே ஒன்றில் இப்படி எழுதியிருக்கிறது: “மகள் சூழலியல் படிக்கப் போகிறேன் என்கிறாள். அரசுப் பல்கலைக் கழகத்திலே அப்படி ஒரு பட்டப் படிப்பு உண்டா? படித்தால் வேலை உண்டா?” இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லத்தான் போகிறேன். ஆனால் இது யாருடைய படிப்பு என்பதை முதலிலே பேசியாக வேண்டும். ஏனென்றால், வசதியான வீட்டுப் பிள்ளைகள் காமிராவைத் தூக்கிக்கொண்டு புலியைப் படம் பிடிக்கப் போகிற படிப்பு இது என்ற எண்ணம் நம்மிலே பலருக்கு இருக்கிறது. அந்த எண்ணம் இருக்கிறவரையில் வேலையைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

1866-ஆம் ஆண்டிலே ஜெர்மானிய விஞ்ஞானி ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் இந்தத் துறைக்கு ஒரு பெயர் சூட்டினார். ‘ஓய்கோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து அந்தப் பெயரை உண்டாக்கினார். ஓய்கோஸ் என்றால் வீடு. உயிர்கள் தங்கள் வீட்டிலே எப்படி வாழ்கின்றன, யார் யாரைச் சார்ந்து வாழ்கிறார்கள், அந்த வீட்டுக்குள்ளே எது வருகிறது, எது வெளியே போகிறது என்று பார்க்கிற அறிவியல் என்று பொருள். பொருளாதாரம் என்று நாம் சொல்கிறோமே, அதற்கான ஐரோப்பியச் சொல்லும் இதே வீட்டிலிருந்துதான் பிறந்தது. ஆக, இரண்டுமே வீட்டுக் கணக்குத்தான். ஒன்றிலே ரூபாயை எண்ணுகிறார்கள். மற்றொன்றிலே தண்ணீரையும் மண்ணையும் உயிரையும் எண்ணுகிறார்கள்.

நம் முன்னோர் ஐந்திணை என்று அப்போதே கண்டார்கள் என்று மேடையிலே சொன்னால் கைதட்டல் கிடைக்கும். அதை மறுக்க நான் வரவில்லை. ஆனால் குறிஞ்சி, முல்லை என்று பெயர் சொல்லத் தெரிந்த நம்மிலே எத்தனை பேருக்கு, வீட்டு வாசலிலே ஓடுகிற நாலாவின் தண்ணீரிலே என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரியும்? பெருமை ஒரு பக்கம் இருக்கட்டும். படிப்பைப் பார்ப்போம்.

இது மரம் நடு விழாவும் சுவரொட்டிப் போட்டியும் அல்ல. 1991-ஆம் ஆண்டிலே சுப்ரீம் கோர்ட் போட்ட உத்தரவின் விளைவாக, எந்தப் பட்டம் படிக்கிறவரும் சுற்றுச்சூழல் என்று ஒரு பாடம் படிக்கிறார்கள். பரீட்சைக்கு முதல் நாள் இரவு படித்து, எழுதி, மறந்துவிடுகிற பாடம் அது. நான் சொல்வது வேறு. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்துக்கு ஒரு சட்டத்தைத் தரையிலே போட்டு, அதற்குள்ளே எத்தனை வகைச் செடி, ஒவ்வொன்றிலும் எத்தனை என்று எண்ணுகிறார்கள். அதையே நூறு இடத்திலே எண்ணி, முழுக் காட்டுக்கும் கணக்குச் சொல்லக் கற்கிறார்கள். ஆற்றுத் தண்ணீரைப் புட்டியிலே எடுத்து, 27 டிகிரி வெப்பத்திலே 3 நாள் இருட்டிலே வைத்து, அதற்குள் இருக்கிற கிருமிகள் எவ்வளவு ஆக்சிஜனைத் தின்று தீர்த்தன என்று அளக்கிறார்கள். அழுக்கு எவ்வளவு அதிகமோ அவ்வளவு ஆக்சிஜன் தீரும். ஆக்சிஜன் தீர்ந்தால் மீன் சாகும். புள்ளியியல் வேண்டும், வேதியியல் வேண்டும், சேற்றிலே இறங்கி நிற்கிற பொறுமையும் வேண்டும். கடைசியாகச் சொன்னது நம் பிள்ளைகளுக்குப் புதிதல்ல.

இந்தக் கணக்கு யாருக்கு உதவும் என்று கேட்கிறீர்களா? தோல் தொழிலை எடுத்துக்கொள்வோம். தாராவியிலே தோல் பதனிடுவதை ஊன்றியவர்களிலே திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த நம்மவர்கள் முக்கியமானவர்கள். உப்பும் சுண்ணாம்பும் குரோமியமும் கை விரலை என்ன செய்யும் என்று நம் பெரியவர்களுக்குத் தெரியும். அதே தொழில் தமிழ்நாட்டிலே பாலாற்றங்கரையையும் திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களையும் என்ன செய்தது என்பது 1996 ஆகஸ்டிலே சுப்ரீம் கோர்ட் அளித்த தீர்ப்பிலே எழுதப்பட்டிருக்கிறது. தோல் பதனிடும் வட்டாரத்திலே ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு உதவாமல் போயிற்று என்று அந்தத் தீர்ப்புச் சொல்கிறது. இந்தக் கணக்கை எடுத்தது யார்? வேலூரிலே இருந்த தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் ஆராய்ச்சி மையம். அரசுப் பணத்திலே நடக்கிற பல்கலைக் கழகம்! திண்டுக்கல் பக்கத்திலே 13 கிராமங்களிலே கிணறு கிணறாகப் போய் எண்ணினார்கள். குடிக்கவும் பாய்ச்சவும் பயன்பட்ட 467 கிணறுகளிலே 350 கிணறு கெட்டுப்போயிருந்தது. அந்த எண்ணிக்கையும் தீர்ப்பிலே ஏறியது. கெடுத்தவன்தான் செலவை ஏற்க வேண்டும் என்ற விதியை நீதிமன்றம் நாட்டின் சட்டமாகச் சொன்னது அந்த வழக்கிலேதான்.

தோழர்களே, ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஊர் மக்கள் தண்ணீர் கெட்டுவிட்டது என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். நாக்கிலே வைத்தாலே தெரிகிற உண்மை அது. ஆனால் நாக்குச் சாட்சி சொல்ல முடியாது. 467-லே 350 என்ற கணக்கு சாட்சி சொல்லிற்று.

இப்பொழுது நம் ஊருக்கு வருகிறேன். நம் ஊர் என்று நான் சொல்வது இந்த மும்பையைத்தான். 2005 ஜூலை 26-ஐ இங்கே இருக்கிற தாய்மார்கள் மறந்திருக்க மாட்டார்கள். சாந்தாகுரூசிலே ஒரே நாளிலே 944 மில்லிமீட்டர் மழை. விகார், பொவாய் ஏரிகளிலிருந்து வழிந்து, 18 கிலோமீட்டர் ஓடி, மாஹிம் கழிமுகத்திலே கடலோடு கலக்கிற மித்தி ஆறு, சுருக்கப்பட்டு, வளைக்கப்பட்டு, குப்பையாலே அடைக்கப்பட்டுக் கிடந்தது. மேலே மழை, எதிரே கடலேற்றம், நடுவிலே நாம். அலையாத்திக் காடும் உப்பளமும் சேற்று நிலமும் ஒரு நகரத்துக்கு என்ன செய்கின்றன என்று பெரிய மனிதர்கள் அன்றைக்குத்தான் பேசத் தொடங்கினார்கள். அதே ஆண்டு அக்டோபரிலே பம்பாய் ஹைகோர்ட் அலையாத்திக் காடுகளை அழிப்பதற்குத் தடை போட்டது.

அப்படிப் பாடம் படித்த நகரம் பிறகு என்ன செய்தது? தாராவி மறுசீரமைப்புத் திட்டத்திலே, ‘தகுதி இல்லாதவர்கள்’ என்று ஒதுக்கப்படுகிற குடும்பங்களுக்கு வாடகை வீடு கட்டுவதற்காக 255.9 ஏக்கர் உப்பள நிலத்தைக் கொடுக்க 2024 செப்டம்பரிலே மாநில அமைச்சரவை முடிவு செய்தது. அடுத்த மாதமே தேவ்னார் குப்பைமேட்டிலே ஏறத்தாழ 125 ஏக்கரை இதே திட்டத்துக்கு ஒதுக்கத் தீர்மானித்தது. 

தூத்துக்குடியிலிருந்து வந்தவர்களுக்கு உப்பளம் என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. கடலேற்றத்திலே தண்ணீர் வந்து நிற்கிற தாழ்ந்த நிலம் அது. பெருமழையிலே வெள்ளத்தை வாங்கிக்கொள்கிற தொட்டி. தொட்டிக்குள்ளே வீடு கட்டினால் தண்ணீர் எங்கே போகும்? ஒன்று அந்த வீட்டுக்குள்ளே வரும், இல்லையென்றால் பக்கத்துக் குடிசைக்குள்ளே போகும்.

தேவ்னார் குப்பைமேடு 1927-லே தொடங்கியது. அங்கே 185 லட்சம் டன் பழைய குப்பை கிடக்கிறது என்று மாநகராட்சியே 2025-லே கணக்குச் சொன்னது. குப்பை மலைக்குள்ளே காற்றுப் புகாத இடத்திலே வாழ்கிற கிருமிகள், மட்கும் பொருளைத் தின்று மீத்தேன் வாயுவை வெளியிடுகின்றன. அது தீப்பிடிக்கிற வாயு. 2016 ஜனவரியிலே அந்த மேடு நாள்கணக்கிலே எரிந்தபோது எழுந்த புகை, வானத்திலே சுற்றுகிற செயற்கைக்கோள் எடுத்த படத்திலே தெரிந்தது. கீழேயோ, மழைநீர் குப்பையினூடே இறங்கிக் கருஞ்சாறாகக் கசிந்து கழிமுகத்துக்குப் போகிறது. மூடிய குப்பைமேட்டிலே 15 ஆண்டு கண்காணிப்புக்குப் பிறகுதான், அதுவும் வாயுவும் கசிவுநீரும் அளவுக்குள் இருக்கின்றன, மண் உறுதியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான், மக்களைக் குடியேற்றுவது பற்றி யோசிக்கலாம் என்று 2016-லே வந்த திடக்கழிவு விதிகள் சொல்லின. குப்பையை அகற்றிவிட்டுக் கட்டுவோம் என்கிறார்கள். அகற்றட்டும். அகற்றிய பிறகு மண்ணை எத்தனை இடத்திலே, எத்தனை அடி ஆழத்திலே தோண்டிப் பார்ப்பார்கள்? மழைக்காலத்திலே பார்ப்பார்களா, கோடையிலே பார்ப்பார்களா? அந்தத் தாளைப் படித்து ‘இது போதாது’ என்று சொல்ல நம் பக்கத்திலே யார் இருக்கிறார்கள்?

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி, சுரங்கமோ பெரிய ஆலையோ வருவதானால் 30 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். ஆனால் கட்டடத் திட்டங்களுக்கும் நகரியத் திட்டங்களுக்கும் அதே அறிவிக்கை மக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டது. அதாவது, உன் வீட்டை இடித்து வேறிடத்திலே கட்டுகிற திட்டத்துக்கு, சுற்றுச்சூழல் பற்றி உன்னைக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை! அறிக்கை இருக்கும்; அனுமதி இருக்கும்; படிக்கத் தெரிந்தவன் படித்துக் கேள்வி கேட்டால் உண்டு. இல்லையென்றால் இல்லை.

அந்த அறிக்கைகளை யார் எழுதுகிறார்கள் தெரியுமா? திட்டத்தைப் போடுகிற முதலாளி, தானே பணம் கொடுத்து அமர்த்துகிற ஆலோசனை நிறுவனம் எழுதுகிறது. நம் மாநிலத்திலேயே, ரத்னகிரி மாவட்டத்திலே ஒரு பாக்சைட் சுரங்கத்துக்கு எழுதிய அறிக்கையில், ருஷ்ய நாட்டுச் சுரங்கம் ஒன்றின் அறிக்கையிலிருந்து பக்கம் பக்கமாகப் பெயர்த்து எழுதியிருந்தார்கள். 2000-ஐ அடுத்த பத்தாண்டிலே அது அம்பலமாயிற்று. அல்போன்சா மாம்பழம் விளைகிற ரத்னகிரியிலே, பனி நாட்டு ஸ்ப்ரூஸ் மரக் காடும் பிர்ச் மரமும் இருப்பதாக அதிலே எழுதியிருந்தது. (சிரிப்பு) சிரிக்கிறீர்கள். ஆனால் மரத்தின் பெயரைப் படித்து, இது இந்த மண்ணின் மரமல்ல என்று சொல்ல ஒருவர் தேவைப்பட்டார் அல்லவா? அந்த ஒருவர் நம் வீட்டிலிருந்து வரக் கூடாதா என்பதுதான் என் கேள்வி.

வெளியூரிலே உழைக்கப் போன தமிழர்களுக்கு இதனாலே நேர்ந்ததற்கு ஓர் உதாரணம் மட்டும் சொல்கிறேன். 2020 ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு மூணாறு பக்கத்திலே பெட்டிமுடி. மலை சரிந்து தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளை மூடியது. இறந்தவர்கள் 70 பேர். பெரும்பாலோர் கயத்தாறு வட்டாரத்திலிருந்து தலைமுறை தலைமுறையாகப் போன நம் மக்கள். மறுநாள் காலையில்தான் வெளியுலகத்துக்கே செய்தி தெரிந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையிலே எங்கே கட்டலாம், எங்கே தோண்டக் கூடாது என்று மாதவ் காட்கில் தலைமையிலான குழு 2011-லேயே அரசிடம் அறிக்கை கொடுத்திருந்தது. அதன் மீது அரசியல் கட்சிகள் போட்ட சண்டையைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். லயன் வீட்டை எந்தச் சரிவிலே கட்டுவது என்று தீர்மானித்தவர்களிலே அந்த லயன் வீட்டிலே பிறந்தவர் ஒருவர்கூட இல்லை என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்லிவைக்கிறேன்.

சரி, படிப்புக்கு வருவோம். ‘சூழலியல்’ என்ற பெயரிலேயே இளநிலைப் பட்டம் தருகிற அரசுப் பல்கலைக் கழகம் நம் நாட்டிலே மிக அரிது. அதற்காகச் சோர்ந்துவிட வேண்டாம். இந்தியாவிலே இந்தத் துறை வளர்ந்ததே வேறு பெயரிலேதான். இந்தியச் சூழலியலின் தந்தை என்று சொல்லப்படுகிற ராம்தேவ் மிஸ்ரா, பனாரஸ் இந்து பல்கலைக் கழகத்தின் தாவரவியல் துறையிலே இருந்துகொண்டுதான் அதை வளர்த்தார். கேரளத்திலே அமைதிப் பள்ளத்தாக்கைக் காப்பாற்றும் இயக்கத்தை மக்களிடம் கொண்டுபோன எம்.கே. பிரசாத் ஒரு கல்லூரித் தாவரவியல் ஆசிரியர். ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். அறிக்கைக்கு எதிர் அறிக்கை எழுதினார்கள். அணைத் திட்டம் 1983-லே கைவிடப்பட்டது. 1984-லே அது தேசியப் பூங்காவாயிற்று.

ஆகவே நான் சொல்வது இது: இளநிலையிலே தாவரவியலோ விலங்கியலோ எடுங்கள். அதற்குள்ளே சூழலியல் ஒரு பாடமாக வருகிறது. பெயர் அழகாக இருக்கிறதே என்று ‘சூழல் மேலாண்மை’, ‘பசுமைத் தொழில்நுட்பம்’ என்று தனியார் நிறுவனங்கள் விளம்பரம் செய்கிற பட்டத்துக்கு லட்சக் கணக்கிலே கொட்டாதீர்கள். இதற்கு ஒரு நடைமுறைக் காரணம் இருக்கிறது. இந்திய வனப் பணித் தேர்வு எழுத வேண்டுமானால் கால்நடை மருத்துவம், தாவரவியல், வேதியியல், நிலவியல், கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல் ஆகியவற்றிலே ஒன்றையாவது பட்டப் படிப்பிலே படித்திருக்க வேண்டும். அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் வேண்டும். சூழலியல் என்ற சொல் அந்தப் பட்டியலிலே இல்லை. காட்டைப் பற்றியே படித்துவிட்டுக் காட்டு அதிகாரி தேர்வை எழுத முடியாமல் நிற்கிற நிலை வரலாம்! பள்ளி ஆசிரியராகப் போவதற்கும் பெரும்பாலும் பட்டத்திலே தாவரவியல், விலங்கியல் என்ற பெயரைத்தான் தேடுவார்கள். ஆகவே கல்லூரியிலே சேருமுன் பாடத் திட்டத்தை வாங்கி, அந்தப் பட்டியலிலே உள்ள பாடம் ஒன்றாவது முக்கியப் பாடமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சூழலியலை முழுமையாகப் படிப்பது முதுநிலையிலே. புதுவை மத்தியப் பல்கலைக் கழகத்திலே அதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. டில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக் கழகத்திலே சூழல் அறிவியல் பள்ளி இருக்கிறது. டேராடூனிலே 1982-லே தொடங்கிய இந்திய வனவிலங்கு நிறுவனம், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலே 1983-லே தொடங்கிய சூழலியல் மையம், கோயம்புத்தூர் ஆனைகட்டியிலே சலீம் அலி பெயரால் அமைந்த மையம் எல்லாம் மேலே ஏறுகிறவர்களுக்கு.

வேலை? மறைக்காமல் சொல்கிறேன். மூன்று ஆண்டுப் பட்டத்தோடு நின்றால் இந்தத் துறையிலே நல்ல வேலை கிடைப்பது கடினம். பி.காம். படித்தவன் மறு மாதமே ஒரு கடையிலே கணக்கு எழுதப் போய்விடுவான், இது அப்படியல்ல. இப்போது பல பல்கலைக் கழகங்களிலே ஆனர்ஸ் பட்டமே நான்கு ஆண்டு ஆகிவிட்டது. மேலே இரண்டு ஆண்டு முதுநிலை என்றால், ஐந்தாறு ஆண்டு அந்தப் பிள்ளையின் சம்பாத்தியம் வீட்டுக்கு வராது. அதைத் தாங்க முடியாத குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. அவர்களிடம் போய்த் தியாகம் செய்யுங்கள் என்று மேடையிலே நின்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. கடைசிப் பிள்ளை, மூத்தவன் வேலைக்குப் போய்விட்டான் என்ற வீட்டிலே இதைப் பற்றி யோசிக்கலாம். அல்லது பட்டத்துக்குப் பிறகு பி.எட். முடித்து ஆசிரியர் வேலையைப் பிடித்துக்கொண்டு மேலே படிக்கலாம். பலர் அப்படித்தான் வந்தார்கள்.

முதுநிலை முடித்தவர்களுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள், ஆராய்ச்சி நிறுவனங்கள், கல்லூரிகள், தண்ணீர் சோதனைச் சாலைகள் உண்டு. தனியார் துறையிலே இருப்பவற்றிலே பெரும் பகுதி எது தெரியுமா? நான் முன்னே சொன்னேனே, முதலாளிக்கு அறிக்கை எழுதுகிற நிறுவனங்கள், அவைதான். நம் பிள்ளை போய் அந்த வேலை செய்யலாமா? கோபத்தோடு வேண்டாம் என்று சொல்லத் தோன்றும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆலையிலே வேலை பார்த்துக்கொண்டே சங்கம் கட்டியவர்கள் நாம். எந்தக் கணக்கு எந்தப் பக்கத்திலே ஒளிக்கப்படுகிறது என்பது உள்ளே இருந்தவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனால் கையெழுத்துப் போடுகிற இடத்திலே கை நடுங்க வேண்டும்.

பட்டம் இல்லாமலும் சாதித்தவர்கள் இல்லையா என்று ஒரு தம்பி கேட்டார். இந்த நகரத்திலே 1896-லே பிறந்த சலீம் அலிக்கு முறையான பல்கலைக் கழகப் பட்டம் இல்லை. அதனாலேயே விலங்கியல் ஆய்வுத் துறையிலே வேலை மறுக்கப்பட்டது. அவர் பிறகு உலகம் போற்றுகிற பறவை அறிஞராக ஆனார். ஆனால் தம்பி, அவருக்குப் பின்னாலே வியாபாரக் குடும்பம் ஒன்று இருந்தது. உனக்குப் பின்னாலே இருப்பது பத்துக்குப் பத்து அறை. உனக்குப் பட்டம் வேண்டும்.

தாய்மார்களிலே சிலர், பெண்பிள்ளையைக் காடு மலை என்று அனுப்புவதா என்று தயங்குவார்கள். 1897-லே தலைச்சேரியிலே பிறந்த ஜானகி அம்மாள் சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் தாவரவியல் படித்து, கடல் கடந்து ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, கோயம்புத்தூரிலே கரும்பு ஆராய்ச்சி செய்து, எண்பது வயதைத் தாண்டிய பிறகும் அமைதிப் பள்ளத்தாக்குக்காகக் குரல் கொடுத்தார். அந்தக் காலத்திலேயே அது முடிந்தது. இப்போது களப் பயிற்சிக்குக் கூட்டமாகத்தான் போவார்கள். உடன் பேராசிரியர்கள் இருப்பார்கள்.

இனி நமக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். பிள்ளைக்கு மதிப்பெண் இருக்கும், ஆசை இருக்கும். சாதிச் சான்றிதழ் இருக்காது. ஆந்திரத்திலிருந்து தந்தையின் வேலை காரணமாகச் சிறு வயதிலே பம்பாய்க்கு வந்த ஒரு பழங்குடி மாணவர் இங்கே மருத்துவக் கல்லூரியிலே இடஒதுக்கீடு கேட்டார். ஒரு மாநிலத்துப் பட்டியல் சாதியார், பழங்குடியார் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அந்தச் சலுகையைக் கேட்க முடியாது என்று 1990-லே சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்புச் சொன்னது. 2018-லே இன்னோர் அமர்வு அரசு வேலைக்கும் அதையே உறுதி செய்தது. சேரியிலிருந்து ரயிலேறி வந்தவன் தாதரிலே இறங்கியவுடன் சாதிக் கொடுமை ஒழிந்துவிட்டதா? அதை யாரும் விளக்கவில்லை. ஆனால் தீர்ப்பு இருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் வழி தேட வேண்டும்.

மராட்டிய அரசின் சான்றிதழ் வேண்டுமானால், பட்டியல் சாதியார் 1950 ஆகஸ்டு 10-க்கு முன்பும், பிற்படுத்தப்பட்டோர் 1967 அக்டோபர் 13-க்கு முன்பும் தங்கள் குடும்பம் இந்த மாநிலத்திலே குடியிருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். சாதியின் பெயரும் இம்மாநிலப் பட்டியலிலே இருக்க வேண்டும். அந்த ஆதாரம் உள்ளவர்கள் இங்கேயுள்ள மாநிலப் பல்கலைக் கழகத்திலே ஒதுக்கீட்டோடு சேரலாம். இல்லாதவர்களுக்கு இரண்டு கதவு திறந்திருக்கிறது. ஒன்று, சொந்த ஊர்த் தாசில்தாரிடம் வாங்கிய சான்றிதழோடு தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகள். இன்னொன்று, மத்தியப் பல்கலைக் கழகங்கள். அங்கே நீங்கள் எந்த மாநிலத்திலே வாழ்ந்தாலும் சொந்த மாநிலத்துச் சாதி நிலை செல்லும். தந்தையின் மூலச் சான்றிதழைக் காட்டி, குடிபெயர்ந்தோருக்கான சான்றிதழை இங்கேயுள்ள அதிகாரியிடமே கேட்கலாம். மத்தியப் பல்கலைக் கழகங்களுக்கு 2022 முதல் ஒரே பொது நுழைவுத் தேர்வு. தமிழ், மராத்தி உட்பட 13 மொழிகளிலே எழுதலாம். பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் விண்ணப்ப நாள் போய்விடும். பொதுத் தேர்வு எழுதுகிற நாட்களை ஒட்டியே அது முடிந்துவிடுகிறது.

கல்வி உதவித் தொகையும் இதே சான்றிதழைப் பின்தொடர்ந்தே வருகிறது. எந்த மாநிலத்தவர் என்று உங்கள் தாள் சொல்கிறதோ அந்த மாநிலம்தான் பட்டியல் சாதி மாணவருக்கு உதவித் தொகை தரும்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. அறிவிக்கையின்படி திட்ட அறிக்கையின் சுருக்கம் ஆங்கிலத்திலும் அந்த மாநில மொழியிலும் கிடைக்க வேண்டும். 2020-லே அந்த அறிவிக்கையையே மாற்றி ஒரு வரைவு கொண்டுவந்தார்கள். அதை இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் போட்டபோது, 22 மொழிகளிலும் மொழிபெயர்த்துப் போடு என்று டில்லி ஹைகோர்ட் சொன்னது. நல்ல உத்தரவு. ஆனால் மும்பையிலே வரப்போகும் தாள் மராத்தியிலேதான் இருக்கும். நம் பிள்ளை தமிழை மறக்க வேண்டாம். மராத்தியை நன்றாக எழுதப் படிக்கக் கற்கட்டும். மித்தி ஆற்றுக்காகவும் கழிமுகத்துக்காகவும் கோலி மீனவர்களோடு சேர்ந்துதான் நிற்க வேண்டியிருக்கும். அவர்களோடு ஆங்கிலத்திலே பேசிக்கொண்டிருக்க முடியாது.

பிள்ளைக்கு உண்மையிலேயே நாட்டம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி. தாராவிக்குப் பக்கத்திலேயே மாஹிம் இயற்கைப் பூங்கா இருக்கிறது. 37 ஏக்கர். 1977 வரைக்கும் அது குப்பைமேடு; 1994-லே பூங்காவாகத் திறந்தார்கள். அங்கே இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அனுப்புங்கள். ஒரே இடத்திலே ஒரு மணி நேரம் உட்கார்ந்து, கண்ணிலே பட்ட பறவை, பூச்சி, செடி எல்லாவற்றையும் எண்ணி எழுதிக்கொண்டு வரட்டும். மூன்றாவது வாரமும் சலிக்காமல் போனால் இந்தப் படிப்புக்கு ஆள்தான். முதல் வாரமே செல்பேசியைப் பார்த்துக்கொண்டு திரும்பி வந்தால் பி.காம். விண்ணப்பத்தை நிரப்புங்கள். அதிலும் குறைவில்லை.

நேரம் ஆகிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்க அலுவலகத்திலே சான்றிதழ் வேலைக்காக உட்காருகிறோம். பாட்டனார், தந்தையாருடைய பழைய தாள் எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். மில் சர்வீஸ் புத்தகம், பழைய ரேஷன் அட்டை, சால் வாடகை ரசீது, முனிசிபல் பள்ளிச் சான்றிதழ், வாக்காளர் பட்டியலிலே பெயர் இருந்த பக்கம், எதையும் பயனில்லை என்று நீங்களே தள்ளிவிடாதீர்கள். ஊரிலே இருக்கிற சித்தப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் இன்றைக்கே போன் செய்து, தாத்தாவின் சான்றிதழ் பெட்டியிலே இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். நகல் எடுத்துக்கொண்டு மூலத்தைக் கையோடு திருப்பிக் கொடுத்துவிடுவோம். மூலத் தாளை மட்டும் யாரிடமும் விட்டுவிட்டுப் போகாதீர்கள், எங்களிடமும்தான்.